ஊர்மிளாவின் அரிசி விண்ணப்பம்

அந்தப் படிவத்தை டைப் அடித்த புண்ணியவதி நானேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, "டீச்சரம்மா, அதுல உங்க கையும் இருக்குதே" என்று இழுத்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

என் பெயர் பார்கவி. திருச்சியிலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் ஃபிஜிக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவள். 1987இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாளிலிருந்து இங்குள்ள இந்திய வம்சாவளி ஆசிரியர்கள் ஆஸ்திரேலியா, கனடா என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் காலியான நாற்காலிகளில் ஒன்றில், லௌடோக்கா நகரத்தில், என்னை உட்கார வைத்தார்கள். நான் வந்த மறு வருடமே, 2000 மே மாதம், தலைநகர் சுவாவில் ஒரு கும்பல் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைபிடித்தது. அவ்வளவுதான், மிச்சம் இருந்தவர்களும் விசாவுக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கு ஆங்கிலக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று எவனோ கிளப்பிவிட, ஊரில் பாதிப் பேருடைய குடியேற்றப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

ஊர்மிளாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நகரத்தை ஒட்டிய ட்ராசாவில், கரும்புத் தோட்டம் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட வீடு. ஆள் குட்டை, குரல் மட்டும் ஊர் கொள்ளாது. அவளுடைய பாட்டனார் கரும்பு வெட்டும் ஒப்பந்தக் கூலியாக மெட்ராஸில் கப்பலேறி வந்தவர். வீட்டில் ஃபிஜி இந்திதான் பேச்சு. கோயிலிலும் என்னிடமும் தமிழ் பேசுவாள். கப்பலில் வந்த அதே பழைய மெட்ராஸ் தமிழ், நடுநடுவே இந்தி. தமிழ் மறந்த இளசுகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

லௌடோக்காவில் ஒரு தையல் ஆலையில் பதினொரு வருடம் சட்டைக் காலர் தைத்தாள். துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு வெளிநாட்டு ஆர்டர் நின்றது. ஆகஸ்டில் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் கணவர் சிவன். சர்க்கரை வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அரசாங்க உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அது வரும்போது வரும், வயிறு அதுவரைக்கும் சும்மா இருக்குமா? இரண்டு பேரும் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். சர்க்கரைக்காரருக்குக் கிழங்கு! சிவனின் இன்னொரு காலிலும் புண் வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயிலில் நிவாரணக் குழு ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை காலையில், வேலை போன குடும்பங்களுக்கு அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய். குழுத் தலைவர் பாலசுப்பிரமணி. ஆணி, தகரம் விற்கும் கடைக்காரர், நல்ல உழைப்பாளி. அவரும் நியூசிலாந்துக்கு எழுதிப் போட்டுவிட்டு தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நமக்கு ஒரு ஃபாரம் வேணும். பக்காவா இருக்கணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே பக்கா படிவம் என் மேசைமேல் கிடந்தது. அவருடைய நியூசிலாந்துப் படிவத்தின் நகல். அதையே பார்த்து அடித்தேன். பெயர், பிறந்த தேதி, குடும்பம் என்று போய், ஒன்பதாவது கேள்வி: நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ எந்த நீதிமன்றத்திலாவது தண்டிக்கப்பட்டதுண்டா? போலீஸ் சான்றிதழை இணைக்கவும். இரண்டு கிலோ பருப்புக்குப் போலீஸ் சான்றிதழ்! குழுவில் ஏழு பேர் அதைப் படித்தார்கள், ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏன் வரும்? அந்த வருடம் எல்லார் வீட்டுப் பெட்டியிலும் பாஸ்போர்ட்டோடு ஒரு போலீஸ் சான்றிதழ் தயாராக இருந்தது. அது இல்லாத மனுஷன் உண்டு என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. எனக்குமே உறைக்கவில்லை, போங்கள். போதாததற்குப் பாலசுப்பிரமணி பேனாவை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தார்: போதைப்பொருள் வழக்கு உள்ளவர்களுக்குக் கிடையாது.

"வெளிநாடு போனவங்கதான் இதுக்குக் காசு அனுப்பறாங்க டீச்சர். அவங்க கேப்பாங்க இல்ல?"

முதல் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊர்மிளா என் மேசைக்கு வந்தாள். ஒன்பதாவது கேள்வியைப் படித்தேன்.

"ஆமா" என்றாள். "எண்பத்தெட்டுல. கஞ்சா கேசு."

நான் குரலைத் தணித்து, "இல்லைன்னு போட்டுடவா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குப் பொய் எழுதறே டீச்சரம்மா?" மண்டபம் முழுக்கக் கேட்டது. "நடந்தது நடந்துச்சி. எழுது."

எழுதினேன். பாலசுப்பிரமணி தாளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "ரூல் இருக்குது ஊர்மிளா. நான் இன்னா பண்றது?" என்றார். பக்கத்தில் நங்கோனா வேரைக் கரைத்துச் சிரட்டை சிரட்டையாகக் குடித்து, நாக்கு மரத்துக் கண் சொருகி உட்கார்ந்திருந்த மூன்று குழு உறுப்பினர்கள், போதை ரொம்பக் கெட்டது என்பதுபோலத் தலையாட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நங்கோனாச் சட்டியைத் தூக்கி அவர்கள் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. அதுவும் என் குற்றம்தான்.

ஊர்மிளா அழவில்லை, கெஞ்சவில்லை. காலிச் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கடைசி ஆளுக்குக் கொடுத்து முடியும்வரை முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த சனிக்கிழமையும். அவள் எதிரில் உட்கார்ந்திருக்க அரிசி அளப்பது எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது.

மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். சிவன் நாற்காலியில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பாலில்லாத தேநீர் கொடுத்தாள். கேட்காமலே ஆரம்பித்தாள்.

"திருடலே. யாரையும் அடிக்கலே. இந்தக் கெழங்குக்கு நடுவுல பதினாலு செடி வெச்சேன், வித்தேன். இவருக்குக் கால் அறுத்துட்டாங்கோ, சக்கரை மில்லு வேலை பூட்சி இவருக்கு. எங்க அண்ணன் கனடா பூட்டான், ஒரு லெட்டர் கூட போடலே. அப்போ எந்தக் கமிட்டி வந்து ஒரு வேளை கானா குடுத்துச்சி? போலீஸ்தான் வந்துச்சி."

"ஆறு மாசம் ஜேல்" என்றார் சிவன், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த ஆறு மாசமும் நான் ஊரார் வீட்டுல கையேந்தித் துண்ணேன். அதுக்கப்புறம் ஒரு செடி வெக்கலே இவ."

"அன்னிக்கு கோர்ட்டு பெஞ்சியிலே என் பக்கத்துல யாரு குந்திக்கினு இருந்தாங்கோ தெரியுமா?" ஊர்மிளா சிரித்தாள். "நம்ம பாலசுப்பிரமணி அண்ணே! ஞாயித்துக்கெழமை கடை தொறந்து ஆணி வித்தாராம். ஃபைன் போட்டாங்கோ. பாவம், வேர்த்து ஊத்திக்கினு இருந்தாரு. நான்தான் என் கைக்குட்டை குடுத்தேன்."

எண்பத்தேழு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு ஓய்வுநாள், கடை திறக்கக் கூடாது, பந்துகூட ஆடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்களே, அந்த வழக்கு. அடி சக்கை! அவருடைய நியூசிலாந்துப் படிவத்தில் அதே ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதியது என் சொந்தக் கை. அவர் சொல்ல, நான் எழுதினேன். போலீஸ் சான்றிதழில் இந்தச் சின்ன அபராதம் ஏறவில்லை போலிருக்கிறது; வெளியே தெரிந்தால் அவருடைய விசா போச்சு.

"சொல்லு ஊர்மிளா! மண்டபத்துல எல்லார் எதிர்லயும் சொல்லு!"

அவள் முகம் மாறிவிட்டது. "அது அவரு கேசு. எனக்கு அரிசி வேணும், அவரு தலை வேணாம். நீயும் வாயைத் தொறக்காதே."

சரி என்று தலையாட்டினேன். திங்கட்கிழமை மத்தியானம் ஆணிக்கடைக்குப் போய் வாயைத் திறந்துவிட்டேன். என்ன செய்வது, என் பிறவிக் குணம். பாலசுப்பிரமணிக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், அது ஆணி கேசு" என்றார் மெதுவாக. "ஆணி வித்தது ஒரு குத்தமா?"

"கேள்வியில ஆணின்னும் இல்லை, கஞ்சான்னும் இல்லை. தண்டிக்கப்பட்டதுண்டான்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவள்போல பஸ் ஏறினேன்.

புதன்கிழமை ஊர்மிளா ஓடையில் துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் தன் வேனில் ஒரு மூட்டை கொண்டுபோய் சிவனிடம் கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்ல வேண்டாம், வாராவாரம் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஊர்மிளா நின்றாள். பிள்ளைகள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள்.

"சொன்னியா அவருகிட்டே?"

"சொன்னேன். அரிசி வந்துச்சா இல்லையா?"

"பயந்து குடுக்கறான் அந்த ஆளு! எனக்கு பயந்து குடுக்கற கானா எதுக்கு? நான் இன்னா ரவுடியா? வேலை பூட்டவங்களுக்குன்னு குடுக்கறீங்கோ. எனக்கும் வேலை பூட்சி. அதுக்குக் குடு. இல்லாட்டி நேரா மூஞ்சைப் பாத்து இல்லேன்னு சொல்லு. உனக்கு வெக்கமா இல்லே டீச்சரம்மா?"

இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதன்பின் அந்த ஆணி வழக்கைப் பற்றி ஊர்மிளா, சிவன், பாலசுப்பிரமணி மூவரும் உயிரோடு இருந்தவரை நான் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை, கட்டுப் பிரிக்காத அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்மிளா வந்தாள். மூன்று நாள் வீட்டில் அரிசியை வைத்துக்கொண்டு கிழங்கு தின்றிருக்கிறார்கள் இரண்டு பேரும். வரிசையில் கடைசியில் நின்றாள். வெயில் ஏற ஏறக் காலால் மூட்டையைத் தள்ளிக்கொண்டே வந்து, என் மேசைமேல் தூக்கிப் போட்டாள்.

"இது கமிட்டி சாமான். வழி தப்பி என் வீட்டுக்கு வந்துச்சி" என்றாள். "இப்போ முறையா குடுங்கோ. பேரு கூப்பிடு."

பாலசுப்பிரமணி எழுந்து ஓடி வந்தார். "ஊர்மிளா, குடுத்தாச்சே அது! எடுத்துக்கினு போம்மா."

"பின்வாசல்ல வர்றதுக்கு அது இன்னா திருட்டுச் சாமானா அண்ணே?"

பட்டியலில் அவள் பெயர் இல்லை. எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. எழுந்து நின்று, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டேன்: "ஊர்மிளா, ட்ராசா!"

"ஹாஜர்!" என்றாள்.

"ரூல் இருக்குது டீச்சர்" என்றார் பாலசுப்பிரமணி. என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். வேறு வழியில்லாமல் அவரே படிவத்தை எடுத்து ஒன்பதாவது கேள்வியைப் படித்தார். "எந்த நீதிமன்றத்திலாவது..." என்கிற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அங்கே இருந்த எழுபது எண்பது பேரில் அது ஏன் என்று எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"ஆமா அண்ணே" என்றாள் ஊர்மிளா. அவரிடம் மட்டும் சொல்லவில்லை, திரும்பி வரிசைக்கும் சேர்த்துச் சொன்னாள். "கஞ்சா வித்தேன். ஜட்ஜு ஆறு மாசம்னாரு. ஆறு மாசமும் இருந்துட்டு வந்தேன், ஒரு நாள் கொறைக்கலே. அதுக்கப்புறம் பதினோரு வருசம் காலர் தெச்சேன். சாவறவரைக்கும் பட்டினி கெடன்னு அந்த ஜட்ஜே சொல்லலியே. நீங்க யாரு சொல்றதுக்கு?"

நங்கோனாக்காரர்கள்கூட சிரட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு கிழவர், "அரே, குடுங்கய்யா, வெயில் கொளுத்துது!" என்று கத்தினார்.

பாலசுப்பிரமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தான் சேர்த்த வரியைத் தானே அடித்தார். அதோடு நிற்காமல் ஒன்பதாவது கேள்வியையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். காகிதம் கிழிந்தது. கிழியட்டும். அப்புறம் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் நீட்டினார்.

ஊர்மிளா வாங்கவில்லை. கட்டை அவிழ்த்து, நிதானமாக உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய். அடியில் அவர் தனியாக வைத்திருந்த ஒரு நெய் டின். அதை எடுத்து என் மேசைமேல் டங்கென்று வைத்தாள்.

"இவங்கோ யாருக்கும் இது குடுக்கலே" என்று வரிசையைக் காட்டினாள். "எனக்கும் வேணாம். எங்கே கையெழுத்து போடணும், காட்டு."