தெருவுக்கே ஒரு எண்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் அமிர்தசாமி ஒரு செருப்பை ஒரு வாசலிலும் மற்றதை அடுத்த வாசலிலும் விடுவார். ஜோடியாகக் கிடந்தால்தானே எடுப்பான் என்பார். மன்னார்புரத்தில் நான் பிசிக்ஸ் எடுக்கும் கோச்சிங் சென்டரில் கம்ப்யூட்டர், நெட் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சந்தேகப் பார்வையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேள்வித்தாள் டைப் செய்யும் மணிமேகலையின் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. அதற்காக, வெளியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வர அமிர்தசாமி ரவுட்டரில் ஒரு வழி திறந்தார். மணிமேகலை வீட்டு நெட்டுக்கு வெளியில் தெரியும் எண்ணிலிருந்து, அதாவது ஐ.பி. முகவரியிலிருந்து, வந்தால்தான் உள்ளே விடும். மற்றவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கும். அந்தத் தைரியத்தில் சென்டர் பெயரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் தேர்வுத்தாள் முன்கூட்டியே வெளியே போனது. யார் திறந்தார்கள் என்று அமிர்தசாமி பார்த்தார். மணிமேகலை வீட்டு எண்.

"அந்தப் பொண்ணுதாங்க. எனக்கு முதல்லயே தோணுச்சு," என்று ஓனர் ரெங்கராஜிடம் சொன்னார். மணிமேகலையை வேலையைவிட்டு அனுப்பக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் சம்பாதிப்பது அந்தப் பெண் ஒருத்திதான்.

"அன்னைக்கு அத்தையோட ஆஸ்பத்திரில இருந்தேன் சார். வீடு பூட்டிக் கிடந்துச்சு."

"மொபைல்ல திறந்திருக்கலாமே?" என்றார் அமிர்தசாமி.

அங்கே நின்றிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "மொபைல் நெட்ல வந்தா எண் வேற காட்டுமே. நீங்கதானே சொன்னீங்க?"

அவர் முகம் மாறியது. இப்போது சந்தேகம் மணிமேகலை வீட்டுக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரர் மேல் போனது. உடனே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்த வீட்டுக்குத் தனி எண்தானே குடுத்திருக்கீங்க?"

"தனியா எங்கங்க? தெரு முழுக்க வெளியில ஒரே எண்தான். உள்ளுக்குள்ள நாங்க பிரிச்சு விடுறோம்."

அதே தெருவில்தான் எங்கள் மாணவர்கள் தங்கும் விடுதியும் இருக்கிறது. பாஸ்வேர்டோ அவர்கள் சட்டைப் பையிலேயே அச்சடித்திருக்கிறது.

மணிமேகலை எழுந்தாள். "என்னைய நம்பல, சரி. என் தெருவையே நம்பிட்டீங்களே சார்."

ரெங்கராஜ் வேலையில் தொடரச் சொன்னார். அமிர்தசாமி போய்ப் பாஸ்வேர்டை மாற்றினார். புதியதை மணிமேகலையிடம் சொல்லலாமா என்று அரைநாள் யோசித்தார்.