மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது

ரீபாண்டிங் என்ற ஆங்கில வார்த்தைக்கு என்ன பொருள் என்று நான் தெரிந்துகொண்டது முப்பது வயது தாண்டிய பிறகுதான். எங்கள் கம்பெனியில் எல்லாப் பெண்களும் எதைச் செய்துகொண்டாலும் ஸ்ட்ரெய்ட்னிங் என்பார்கள். நானும் அப்படியே போய்க் கேட்டேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் பார்லர் வைத்திருந்த பெண் சிரித்துவிட்டாள். சூட்டுக் கருவியால் இழுத்துவிடுவது ஸ்ட்ரெய்ட்னிங்காம், தலைக்குக் குளித்தால் போய்விடும். ஸ்மூத்தனிங் சில மாதம் தாங்கும், ஆனால் என்னைப் போன்ற கெட்டிச் சுருட்டைக்கு அது ஆகாது. ரீபாண்டிங் என்றால் முடிக்குள் இருக்கும் பிணைப்பையே ஒரு கிரீமால் உடைத்து, நேராக இழுத்து, இன்னொரு கிரீமால் திரும்பப் பிணைப்பது. "மூணு நாளைக்குத் தலையில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுக்கா. கட்டக்கூடாது, காதாண்ட ஒதுக்கக்கூடாது. பட்டுச்சுன்னா அத்தினியும் வேஸ்ட்டு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டையில் அண்ணன் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை. முன்பு வந்தவர்கள் என் முடியைக் குறை சொல்லிவிட்டுப் போயிருந்ததால், "இந்த வாட்டியாவது தலைய ஒழுங்கு பண்ணிக்கினு வா" என்று அண்ணி போனில் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கும் அந்தக் கல்யாணம் வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறந்தால், காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரீபாண்டிங் செய்துகொண்டேன். கம்பெனிக்குப் போனால் முடியைச் சுருட்டி வலைக்குள் திணித்து, அதன்மேல் தொப்பி போட வேண்டும். அதனால் வெள்ளியும் சனியும் லீவு சொல்லியிருந்தேன்.

பக்கத்துப் போர்ஷனில் ஓர் அக்கா இருந்தார். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை என்னை இழுத்து உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, திட்டிக்கொண்டே பின்னிவிடுவார். அந்த ஊரில் என்னைத் தொட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான். வெள்ளிக்கிழமை காலையில் என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தார்.

"இன்னாடி இது? மாடு நக்கினா மாதிரி கீது!"

"ரீபாண்டிங்குக்கா."

"இன்னா கண்றாவியோ. நல்ல எடமா அமைஞ்சா சரி. போறதுக்கு முன்னாடி என்னாண்ட பூ வாங்கிக்கினு போ."

சனிக்கிழமை காலையில் குழாயடிக்கு வந்த அக்கா குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப் போய்த் தாங்கிக்கொண்டேன். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மத்தியானம் ஆரம்பாக்கத்திலிருந்து அவருடைய தூரத்துச் சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். தலைமாட்டில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, மகள் முறை என்றே நினைத்துவிட்டார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். இல்லை, கட்டக்கூடாது என்பதால் விரித்திருக்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? எனக்குச் சொல்லவும் தோன்றவில்லை.

உடலை எடுத்த பிறகு பெண்கள் வரிசையாகக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது வீட்டுக்காரம்மா என்னைத் தடுத்தார்.

"உனக்குத்தான் நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்களே. நீ இன்னா சொந்தமா பந்தமா? மஞ்சத்தண்ணிய தெளிச்சிக்கினு போயிடு, ஒண்ணும் ஆவாது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! செத்தவர் என் மடியில் செத்திருக்கிறார், நான் தெளித்துக்கொண்டு போக வேண்டுமாம். வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பார்லர் மருந்தின் நாற்றம் முகமெல்லாம் வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். முடி அங்கங்கே நேராகவும் அங்கங்கே வளைந்தும் பரட்டையாக நின்றது. நடந்ததைக் கேட்ட அண்ணி தலையில் அடித்துக்கொண்டு, கிளிப்புகளாக மாட்டிவிட்டார். மாப்பிள்ளை பார்க்க நல்லவராகத்தான் தெரிந்தார். என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். அவருடைய அம்மா மட்டும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடி இன்னாமா, ஒரு தினுசா கீது?"

"நேத்து ஒரு சாவு. தலைக்குக் குளிச்சேன்."

"அய்யோ, யாரு?"

அண்ணி குறுக்கே விழுந்தார். "பக்கத்து ஊட்டுல யாரோங்க. சொந்தமெல்லாம் இல்ல."

யாரோ. அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்க அக்காங்க" என்றேன்.

அந்த அம்மா காபியைக் கீழே வைத்தார். கூடப்பிறந்தவள் செத்த மறுநாளே பெண் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று முனகிக்கொண்டு எழுந்தார். அண்ணன் வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனான். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அடிப்பாவி, வந்த எடத்தையும் கெடுத்துக்கினியே! உனக்கு ஏதுடி அக்கா?"

"நேத்து காலையில வரைக்கும் இருந்தாங்க அண்ணி" என்றேன்.