டின்சியும் எங்கள் பேண்டு செட்டும்

டின்சி ஜாஸ் பாடகி. அவள் பிறந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இதைச் சொன்னால், அது என்ன வியாதி என்று கேட்பார்கள். பாட்டின் பாதியில் சொல்லையெல்லாம் விட்டுவிட்டு, "டபடூ டபடூ" என்று குரலையே கிளாரினெட் ஆக்கிக்கொண்டு போவாள். பாவம், வரி மறந்துவிட்டது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நர்சிங் படிக்கப் பெங்களூர் போனவள், அங்கே ஒரு ஓட்டலில் இந்தப் பாட்டைக் கேட்டாள். அதோடு ஊசியும் மருந்தும் போயிற்று. ஒன்பது வருஷமாக மூணாறிலும் காந்தலூரிலும் ரிசார்ட் ரிசார்ட்டாகப் பாடுகிறாள். கேட்பதாகச் சொல்லப்படுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை அவள் உயிரைக் கொடுத்துப் பாடும்போது ஒருவர் கை தட்டினார். வெயிட்டரைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அந்த ஆளை இரண்டு சாத்தலாம் போல இருந்தது.

போன செப்டம்பரில்தான் அதிர்ஷ்டம் வந்தது. பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி ஊர்க்காரர் கோபிநாத், கொச்சியில் வருஷா வருஷம் இசை விழா நடத்துகிறவர், காந்தலூர் ரிசார்ட்டுக்கு வந்து அவள் பாட்டைக் கேட்பதாகச் சொன்னார். விழாவில் ஒரே ஒரு இடம் மிச்சம். கிடைத்தால், பாட்டைக் கேட்க என்றே வருகிற கூட்டத்தின் முன் முதல்முறையாகப் பாடுவாள்.

அன்று மத்தியானம் மூணாறு ரோட்டில் மண் சரிந்தது. கொச்சியிலிருந்து வந்த அவளுடைய வாத்தியக்காரர்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கோபிநாத்தோ தன் ஊரிலிருந்து கோபாலபுரம், உடுமலை வழியாக ஏற்கெனவே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டின்சி, சரிவுக்கு இந்தப் பக்கமே இருந்த எங்கள் மாதா கோயில் பேண்டு செட்டைக் கூப்பிட்டாள். திருவிழாத் தேர்ப்பவனிக்கு வாசிக்கும் ஆறு பேர் நாங்கள். கிளாரினெட் ஏசுரத்தினம் அண்ணன்தான் தலைவர். பெரிய டிரம் நான். ரிசார்ட் சமையலறைக்குப் பின்னால் நின்று வாசித்துப் பார்த்தோம். மகா கேவலம். டிரம்பெட் முந்தி ஓடியது, நான் பின்தங்கினேன். அண்ணன் முகம் செத்துவிட்டது.

"நாங்க நின்னு வாசிச்சதே இல்லையே தாயி. காலு நின்னா கையும் நின்னுருது" என்றார்.

டின்சி குதிகால் செருப்பைக் கழற்றிப் போட்டாள். "அப்ப நடங்க மாமா. நானும் நடக்கேன்."

நடந்தோம். நாலே எட்டில் தாளம் வந்து ஒட்டிக்கொண்டது. கச்சேரி நேரம் வந்ததும் அப்படியே நடந்து புல்வெளியைச் சுற்றினோம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். ரிசார்ட் கேட்டைத் தாண்டியதும் அவள் கையிலிருந்த மைக் செத்தது. அவள் அதை யாரிடமோ கொடுத்துவிட்டு வெறும் தொண்டையில் பாடினாள். அண்ணன் கிளாரினெட்டில் பவனி மெட்டின் ஒரு துண்டை வீசினார். அவள் அதை வளைத்துத் திருப்பி எறிந்தாள். அவர் இன்னும் வளைத்தார். பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வரப்பேறி வந்து சேர்ந்துகொண்டார்கள். நான் இதுவரை அடிக்காத இடத்திலெல்லாம் அடித்தேன், எல்லாம் பொருந்தியது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் கோபிநாத், சேறு அப்பிய ஷூவோடு கூட்டத்தில் ஆடிக்கொண்டு வருகிறார்.

திரும்பி வந்ததும் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "நீங்க வந்துருங்க. ஆனா நம்ம மேடை சின்னதுங்க. வாத்தியத்துக்கு அங்கயே ஆளிருக்குது."

நியாயம்தான். ஒன்பது வருஷம் காத்திருந்தவள். போ தாயி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"மேடை வேண்டாம் சார். ஒரு ரோடு குடுங்க."

கோபிநாத் காரேறிப் போனார். பதினோரு நாள் போன் இல்லை. கெடுத்துவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டார். ஜனவரியில் ரோடு கொடுத்தார்கள். கொச்சிக் கடற்கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் ஜனம், போலீஸ் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தது. டின்சி வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் நின்றாள். முதல் எட்டு வைத்து டிரம்மை அடித்தபோது நான் அழுதுவிட்டேன்.