பிரபுவின் நாய்க்குப் பெயர் உண்டு, என் கணவருக்கு இல்லை

போன பெப்ரவரியில், சுவிஸில் நாங்கள் இருக்கும் பாடனில் இருந்து டாவோஸுக்குப் போய் வந்தோம். பனிச்சறுக்க அல்ல. என் கணவர் அகதியாக வந்த புதிதில் ஒன்பது வருடம் கோப்பை கழுவிய ஹோட்டலில், நூறு வருடத்துக்கு முன் அங்கே வாழ்ந்த ஆங்கிலேயப் பிரபு ஒருவரைப் பற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறார்களாம். "ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றார்.

காலை 7.40க்கு ரயில். சூரிச்சிலும் லான்ட்குவார்ட்டிலும் மாறவேண்டும், மூன்று மணி நேரம் ஆகும். அரைக்கட்டண அட்டையோடு ஆளுக்கு, போக மட்டும், 34 பிராங்க். இவர் வழக்கம்போல எல்லாப் பத்திரங்களும் அடங்கிய ஃபைலைப் பையில் வைத்தார். அகதி விண்ணப்பம் போட்ட காலத்துப் பழக்கம், ஊர் எல்லை தாண்டினால் அதுவும் கூட வரும். "டாவோஸ் என்ன, வேற நாடோ?" என்று பகிடி பண்ணினேன்.

வழியெல்லாம் பிரபுவின் கதைதான். இரண்டாவது மகன், சொத்தெல்லாம் மூத்தவனுக்கு, அதனால் தூதர் வேலைக்குப் போனவர். மூன்று தலைநகரங்களில் இருந்துவிட்டு, நெஞ்சு நோய்க்கு மலைக்காற்றுத் தேடி வந்து பதினொரு குளிர்காலம் தங்கினாராம். டொச், அதாவது ஜெர்மன் மொழி, படிக்க இவருக்கு அந்த நாளில் அகப்பட்ட ஒரே புத்தகம், ஹோட்டலில் சும்மா கொடுத்த பிரபுவின் வரலாறு. பாதி இன்னும் மனப்பாடம்.

ஸ்டேஷனில் இருந்து பன்னிரண்டு நிமிட நடை. ஹோட்டலைக் கண்டதும் இவர் விறுவிறுவென்று பின்பக்கம், சமையலறைக் கதவுக்குப் போகிறார்!

"இஞ்சேருங்கோ, எங்க போறியள்? நாங்கள் டிக்கெட் எடுத்துப் பாக்கவெல்லோ வந்தனாங்கள்!"

"கால் தன்பாட்டில போகுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நுழைவு 15 பிராங்க். பிரபுவின் கைத்தடி, கையுறை, நாயோடு எடுத்த படம். கீழே நாயின் பெயர், அது செத்த மாதம்கூட. அடுத்து பிரபுவின் வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள். அவற்றைத் துடைத்தபடி நிற்கும் இளைஞனின் படம், அடர்ந்த மீசையோடு. இவரேதான்! அடியில் எழுதியிருந்தது: 'பெயர் தெரியாத சமையலறை உதவியாளர்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு குளிர்காலம் இருந்த பிரபுவிடம் வதிவிட பெர்மிட் கேட்டவர் யார்? இவர் அதைப் புதுப்பிக்க வருடா வருடம் குடிவரவுக் கந்தோர் வாசலில் நின்றார். ஒன்பது வருடம் சம்பளச் சீட்டில் எழுதிய பெயர் எப்படித் தெரியாமல் போகும்? பொறுப்பாளர் பெண்ணைக் கூப்பிட்டு டொச்சில் பொரிந்து தள்ளினேன். ஆதாரம் இல்லாமல் மாற்ற முடியாது என்றாள். "பிரபு இந்த ஜன்னலில் நின்று அழுதார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு யார் ஆதாரம் தந்தது?" என்று கேட்டேன்.

"நீர் கொஞ்சம் பொறும்" என்றார் இவர். பையைத் திறந்து ஃபைலை எடுத்தார். அந்த ஹோட்டல் முத்திரையோடு இவருடைய வேலைச் சான்றிதழ்.

அவள் முகம் சிவந்து பென்சிலை எடுத்தாள். அட்டையில் இடம் போதாது, சுருக்கி எழுதலாமா என்று கேட்டாள். ஒன்பது வருடம் அந்தச் சமையலறையில் "கனா" என்று கூப்பிட்டபோது வாய் திறக்காத மனுசன், "இல்லை, முழுதாக எழுதுங்கள்" என்றார்.

போகிறவர்களுக்கு: மதியத்துக்கு முன் போங்கள், கூட்டம் குறைவு. முன்வாசலால் போங்கள். வெள்ளிப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் 'சின்னத்துரை கனகரத்தினம்' என்று பென்சிலில் இருக்கும். அழித்திருந்தால் எனக்கு அறிவியுங்கள். அடுத்த ரயிலில் வாறேன், ஃபைலோடு.