தங்கராஜு அண்ணனின் கட்டைவிரல்

ரொட்டி மேசைக்கு வந்ததும் தங்கராஜு அண்ணன் அதைக் கையில் எடுப்பதில்லை. முதலில் வலது கட்டைவிரலை அதன் நடு முதுகில் வைத்து ஓர் அழுத்து. மொறுக்கென்று சத்தம் வரவேண்டும். ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு மிளகாய்ச் சம்பால் எட்டிப் பார்க்கவேண்டும். அந்தப் பொட்டைக் கட்டைவிரலாலேயே வழித்து வாயில் வைத்து, கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, "சரி, இன்னிக்குப் பாஸ்" என்பார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

சத்தம் வராத நாளில் தட்டு திரும்பிப் போகும். சின்னத்தாய் அக்கா அதை மறுபடி கரியடுப்பில் வாட்டிக்கொண்டே, அடுத்த மேசைக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுப்பார்: "லோரி ஓட்ட வந்தாரா, ரொட்டிக்குப் பரீட்சை வைக்க வந்தாரா, தெரியல."

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரின் தபால் நிலையத்துக்கு எதிரே, ஒரு மரத்தடியில் தகரக் கூரை போட்டது சின்னத்தாய் அக்காவின் கடை. அங்கே சார்டின் ரொட்டி ஒன்றுதான் பேர் வாங்கியது. பேக்கரியில் சுடும் பெங்காலி ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, மார்ஜரின் தடவி, கரியில் வாட்டி, டின்னில் வரும் சார்டின் மீனை வெங்காயமும் காய்ந்த மிளகாய்ச் சம்பாலும் சேர்த்துப் பிசைந்து உள்ளே வைத்து, வெள்ளரிக்காய் நான்கு துண்டு செருகி, எலுமிச்சை பிழிந்து மூடினால் தீர்ந்தது. சொல்லும்போது ஒன்றுமில்லை. ஆனால் அதற்காகக் கோலா சிலாங்கூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரே டயர் கடை வைத்திருக்கும் சீனர் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு வாங்குகிறார். தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற கனகலிங்கம் ஐயா, வீட்டிலிருந்தே கத்தியும் முள்கரண்டியும் கொண்டுவந்து, ரொட்டியை எட்டுச் சதுரமாக வெட்டி, யாரையும் பார்க்காமல் சாப்பிடுகிறார். தொழிலாளிகள் முன்னால் அவர் வாய் திறந்து மென்றதைத் தோட்டத்தில் ஒருவரும் கண்டதில்லையாம். சின்னத்தாய் அக்கா கடையில் தினமும் காணலாம்.

இவர்கள் எல்லோரும் ரொட்டி சாப்பிடுகிறவர்கள். தங்கராஜு அண்ணன் அந்த ரொட்டியின் ஆள்.

ஐம்பது வயது இருக்கும். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரியை இருபது வருடமாக ஓட்டுகிறார். காலை முதல் நடையை இறக்கிவிட்டு, சரியாகப் பத்து மணிக்கு லோரியைச் சாலையோரம் சாய்த்து நிறுத்துவார். அதே பத்து மணிக்கு நானும் வேலைக்கு மனுப்போட்ட கடிதங்களைத் தபாலில் சேர்த்துவிட்டு அங்கே தே குடிக்கப் போவேன். எண்பத்தாறாம் வருடம் அது. பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். அப்படித்தான் பழக்கம்.

ஒரு நாள் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு ரொட்டி சொல்லி, வந்த தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு தம்பி. நான் விரதம்."

விரதத்துக்கு ஒரு கதை இருந்தது. அவர் மகள் சந்திரிகா போன வருடம் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வில் கணக்கில் தோற்றுவிட்டாள். அப்போதும் இவர் தோட்டத்து முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் மீன், மாமிசம் என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று வேண்டியிருந்தார். முப்பத்தோராம் நாள் கோலா சிலாங்கூருக்குப் போனபோது ஒரு முழுச் சார்டின் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டார். தோட்டத்து முருகனுக்குத் தோட்டத்து எல்லைக்குள்தான் கண் தெரியும் என்று நினைத்தாராம். "அங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு தம்பி" என்றார், குரலை இறக்கி.

கணக்குப் புத்தகத்தைத் திறக்காததால்தான் தோற்றேன் என்று சந்திரிகாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். தன்னைத் தேற்றத்தான் பிள்ளை பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது என்பது அவர் கட்சி. இந்தத் தடவை அவள் மறுபடி எழுதிவிட்டு, ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே முடிவுக்குக் காத்திருந்தாள். கணக்கில் தேறினால் தாதிப் பயிற்சிக்கு மனுப்போடலாம். இல்லாவிட்டால் தொழிற்சாலைதான்.

தாள் எல்லாம் திருத்தி முடித்திருப்பார்களே, இனி விரதம் இருந்து என்ன ஆகும் என்று நான் கேட்டேன். படித்த புத்தி. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மார்க் போட்டவன் கூட்டிப் பாக்கணுமில்ல? அந்தக் கூட்டல்ல தப்பு வரக்கூடாதுல்ல?"

நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். 

பார்ப்பதற்கும் மோப்பம் பிடிப்பதற்கும் விரதத்தில் தடை இல்லை என்பதால் அவர் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுப்பார். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, நான் கடித்ததும், எப்படி இருக்கிறது என்பார். முதல் நாள் "நல்லா இருக்கு" என்றேன்.

"யூனிவர்சிட்டியில மூணு வருசம் இதத்தான் சொல்லிக் குடுத்தானா? நல்லா இருக்குன்னு டயர் கடைக்காரரு சொல்லுவாரு லா. நீ விவரமாச் சொல்லு."

விவரமாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். வெங்காயம் இன்று சற்றுப் பெரிதாக நறுக்கியிருக்கிறது. எலுமிச்சை அரை மூடிதான் விழுந்திருக்கிறது. காரம் நாக்கின் நுனியில் இல்லை, தொண்டைக்குப் போன பிறகுதான் திரும்பி வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்பார். இடையில் பால் கலக்காத தே ஓவை ஒரு வாய் உறிஞ்சுவார். பட்டம் வாங்கிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். என் மனுக்களில் நான் எழுதிய எந்த வாக்கியத்தையும் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அந்த மனுக்களில் உண்மை எவ்வளவு என்ற சந்தேகம் எனக்கு அந்த மேசையில்தான் வந்தது.

அவருடைய இந்த நாற்பத்தெட்டு நாளில் நாற்பத்தோராம் நாள் அது நடந்தது. லோரி கொஞ்சம் அதிகமாகச் சாலையில் நீட்டிக்கொண்டிருந்ததால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. தங்கராஜு அண்ணன் பாதி எழுந்து, டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே, என் ரொட்டியை அழுத்தினார். மொறுக். சிவப்புப் பொட்டு. விரல் அதை வழித்தது. வாய்க்குள் போய்விட்டது.

பஸ் போன பிறகும் விரல் வாயிலேயே இருந்தது. கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின. சின்னத்தாய் அக்கா அகப்பையோடு அப்படியே நின்றார்.

மெதுவாக விரலை எடுத்து, "நீ பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன்.

"அப்புறம் ஏன் வாயப் பொத்திக்கிட்டு இருக்க?"

ஒரு பொட்டுத்தானே, அதில் மீன் எங்கே இருக்கிறது, வெறும் மிளகாய்தான் என்று சின்னத்தாய் அக்கா சமாதானம் சொன்னார். அவர் கேட்கவில்லை. அன்றைக்கே லோரியைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, அங்கே பூசை செய்யும் பண்டாரத்திடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். விழுங்கினாயா, துப்பினாயா என்று பண்டாரம் கேட்டாராம். ஹாரன் சத்தத்தில் கவனிக்கவில்லை என்றாராம் இவர். பண்டாரம் நெடுநேரம் யோசித்துவிட்டு, சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் வந்தவர் வலது கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். அடிபட்டதா என்று டயர் கடைக்காரர் விசாரித்தார். கனகலிங்கம் ஐயா முள்கரண்டியை வைத்துவிட்டு, "ஆழமான வெட்டோ?" என்றார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "இதுதாங்க வம்புக்காரன். கட்டிப் போட்டிருக்கேன்." அன்றிலிருந்து இடது கையால்தான் ரொட்டியை அழுத்தினார். இடது கைக்கு ருசி தெரியாது, அதனால் பயமில்லை என்றார்.

புதுக் கணக்கில் ஆறாம் நாள் தேர்வு முடிவு வந்தது. சந்திரிகா பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அப்பா பத்து மணிக்கு எங்கே இருப்பார் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தாளை மேசைமேல் விரித்து, கணக்குக்கு நேரே விரலை வைத்தாள். கிரெடிட். வெறும் தேர்ச்சிக்கும் மேல்.

அவர் தாளைக் கையில் எடுக்கவில்லை. இடது கட்டைவிரலை மெல்ல அந்த எழுத்தின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சின்னத்தாய் அக்கா அதற்குள் ஒரு ரொட்டியை வாட்டி எடுத்து வந்து அவர் முன்னால் வைத்துவிட்டார். "அப்பா, அதான் வந்திருச்சுல்ல, சாப்பிடுங்க" என்றாள் சந்திரிகா. அவர் தட்டை மகள் பக்கம் தள்ளினார்.

"நான் விரதத்த முறிச்சேன். அப்படியும் அவன் குடுத்துட்டான். குடுத்ததும் நான் ரொட்டிய அமுக்கிக்கிட்டு உக்காந்தா, அவன் என்னப் பத்தி என்னம்மா நெனப்பான்?"

சந்திரிகா என்னைப் பார்த்தாள். நான் தேயைப் பார்த்தேன். அவள் ரொட்டியை எடுத்துக் கடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்றார். "நல்லா இருக்குப்பா" என்றாள். அவளை அவர் திருத்தவில்லை.

மீதி நாட்களையும் அவர் முழுதாக இருந்து முடித்தார். கோயிலில் பாலை ஊற்றிவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் வந்த காலையில், பத்து மணிக்குச் சற்று முன்னதாகவே கடையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். டயர் கடைக்காரர் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். என் கணக்குப்படி அது ஐம்பதாம் நாள். முந்திய நாளே சாப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"ஒரு நாள் சேத்தே இருந்துட்டேன் தம்பி. நானும் மனுசன்தான், கூட்டல்ல தப்பு வரும்."

ரொட்டி வந்தது. ஆவி பறந்தது. கனகலிங்கம் ஐயா ஐந்தாவது சதுரத்தை முள்கரண்டியில் குத்தியபடி நிறுத்திவைத்தார். தங்கராஜு அண்ணன் அவசரப்படவில்லை. நகத்தால் பிளாஸ்டரின் முனையைத் தேடி, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பிரித்தெடுத்து, அதை மேசை விளிம்பில் ஒழுங்காக ஒட்டினார். உள்ளே இருந்த விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ரொட்டியின் நடு முதுகில் வைத்தார்.