கூட்டத்துக்குப் பின்னால் நின்றவர்

கருட சேவை அன்று அவரைப் பார்த்தேன். பூட்டியிருந்த பாத்திரக் கடை வாசலில், கூட்டத்துக்கு வெகு பின்னால் நின்றிருந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை. கழுத்தில் தொங்கிய டிஜிட்டல் கேமராவில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ். தீர்த்தம் நிரம்பிய செம்பைப்போல் அதை இடது உள்ளங்கையில் தாங்கியிருந்தார்.

கூட்டத்துக்குள் நுழையத் தயங்கி நானும் அவர் பக்கத்திலேயே ஒதுங்கினேன். என்னுடையது சட்டைப்பையில் அடங்கும் சின்னக் கேமரா. "இந்த வருஷமாச்சும் பெருமாள் முகத்த எடுத்துக்கினு வா. குடையும் ஜனங்க முதுகும் போதும்பா" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெயிலுக்காகக் கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். அவர் உடனே லென்ஸை மூடித் துண்டால் போர்த்தினார். சாரல் நின்றதும் திறந்து, வளையத்தை மெல்லத் திருப்பிப் படமெடுத்தார். திரையில் பெருமாளின் முகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நீங்களும் பாருங்க. மொதல்ல வாரை கழுத்துல மாட்டிக்கோங்க. லென்ஸுக்கு அடியில கை குடுங்க, கண்ணாடிய தொட்டுடாதீங்க" என்று கொடுத்தார்.

பார்த்துவிட்டுக் கேட்டேன். "இவ்ளோ பெரிய ஆளு உள்ள பூந்தா யாருங்க தடுப்பாங்க? இது எதுக்கு?"

"இடிச்சிக்கினு போவ கூச்சம்பா. அதுக்குத்தான் வாங்கினேன்" என்றார்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுத் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லென்ஸ் மேல் வந்த பொறாமை வீடு போவதற்குள் தீர்ந்துவிட்டது. என்னைப்போலவே கூச்சப்பட்டுக்கொண்டு, அப்படியும் பெருமாள் முகம்வரை போய்வந்த அந்த மனிதர் மேல் வந்தது மட்டும் இன்னும் தீரவில்லை.