அவர் பெயரில் என் நித்திரை

முதலில் வந்தது பிடரித் தலையிடி. என் கணவர் காலையில் பிடரியைத் தடவிக்கொண்டுதான் எழும்புவார். வெங்காயத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிற உடம்பு, எண்ணெய் தடவினால் போய்விடும் என்று இரண்டு மாதம் எண்ணெய் தடவினோம். பிறகு ஒருநாள் கண் மங்குகிறது என்றார். பண்டத்தரிப்பில் வழக்கமாகப் போகிற தனியார் கிளினிக்கில் கையில் பட்டி சுற்றிப் பார்த்தார்கள். மேல் எண் நூற்று எண்பதைத் தாண்டியிருந்தது.

குருதி அமுக்கம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் வீடுகளில் பிறசர் என்றால்தான் விளங்கும். டொக்டர் ஒரு குளிசை எழுதினார். இவர் பலமாகக் குறட்டை விடுவதையும், இடையில் மூச்சு நின்று திணறி எழும்புவதையும் சொன்னேன். நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல் (தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகும் வழியை அடைப்பது) ஆக இருக்கலாம், அதுவும் பிறசரை ஏற்றும், கவனித்துப் பாருங்கள் என்றார்.

கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு இதைச் சொன்னதுதான் தாமதம், ஊருக்கு வந்த ஒருவர் மூலம் ஒரு கைமணிக்கூடு வந்து சேர்ந்தது. நேரம் காட்டுவது அதற்குச் சின்ன வேலை. அடியில் பச்சை வெளிச்சம் மின்னி நாடியை எண்ணும். எத்தனை மணித்தியாலம் நித்திரை, பிறசர் எவ்வளவு என்று கணித்து, எங்கள் வீட்டு ஃபோன் வழியாக மகளின் ஃபோனுக்கு அனுப்பும். அவள் அங்கே பஸ்ஸில் இருந்தபடி இங்கே தகப்பனின் இதயத்தைப் பார்ப்பாள்.

இவருக்கு அது ஒரு கிழமைதான் பிடித்தது. பிறகு தோட்டத்துக்குப் போகும்போது கழற்றினார். கழற்றினால் மகளின் ஃபோனில் ஓடும் நாடிக் கோடு அறுந்துவிடும். அறுந்தவுடன் அழைப்பு வரும்.

“உந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடிக்கேலாது. இந்தாரும், நான் வருமட்டும் நீர் போட்டுக்கொண்டிரும். இல்லாட்டிப் பிள்ளை ஃபோன் எடுத்து உயிரை வாங்குவாள்” என்றார்.

நானும் சிரித்துக்கொண்டு கட்டிக்கொண்டேன். ஊர் முழுக்க இதுதானே நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு நல்ல சேதி மட்டும் சொல்லுவோம். காய்ச்சல் என்றால் வெறும் சளித் தடிமன் என்போம், விழுந்தால் வழுக்கியது என்போம். இப்போது சொல்லுவதற்கு ஒரு மணிக்கூடும் கிடைத்தது.

முதலில் தோட்டத்து நேரம் மட்டும். பிறகு படுக்கும்போது மணிக்கட்டு கடிக்கிறது என்று அதையும் என்னிடம் தந்தார். கடைசியில் கிளினிக்குக்குப் போகிற நாட்களில் மட்டும் அவர் கையில் இருந்தது.

முப்பது வருடம் தபால் கந்தோரில் திகதி முத்திரை குத்தியவள் நான். முந்திய நாள் திகதியைக் குத்தித் தரச்சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்கும் செய்ததில்லை. என் வீட்டில் மூன்று மாதம் அதைத்தான் செய்தேன்.

மகள் நாள் தவறாமல் சொல்லுவாள். “அம்மா, அப்பா ஏழு மணித்தியாலம் அசையாமல் நித்திரை கொண்டிருக்கிறார். பிறசரும் நூற்றிருபது. குறட்டை, மூச்சு எண்டு நீங்கள்தான் சும்மா பயந்தனீங்கள்.”

எனக்குப் பக்கத்தில் அவர் திணறித் திணறி எழும்பிக்கொண்டிருந்தார். அவள் புகழ்ந்தது என் நித்திரையை. கேட்டுக்கேட்டு எனக்கே அவர் தேறிவிட்டது போல இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது.

அடுத்த முறை கிளினிக்கில் பார்த்தபோது பிறசர் இறங்கியிருக்கவில்லை. டொக்டர் இரண்டாவது குளிசை எழுதப் பேனையை எடுத்தார். அதற்குள் மகள் ஃபோனில் வந்து, மணிக்கூட்டின் மூன்று மாதக் கோடுகளையும் அனுப்பினாள்.

“வீட்டிலை நல்லாத்தானே இருக்கு. இஞ்சை வந்தாப்போலை பயத்திலை ஏறுது” என்றார் டொக்டர். வெள்ளை அங்கி அச்சம் (வைத்தியரைக் கண்டவுடன் சிலருக்கு அமுக்கம் ஏறுவது) என்று ஒன்று உண்டாம். இரண்டாவது குளிசை எழுதப்படவில்லை.

நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். வாய் திறந்திருக்கலாம். இவர் முழங்கையால் மெல்ல இடித்தார், நான் பேசாமல் எழும்பி வந்துவிட்டேன். டொக்டரில் பிழை இல்லை. அவருக்கு முன்னால் வைக்கப்பட்டது என் கோடு.

அது நடந்த அன்று விடிய ஐந்தரைக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு, மணிக்கூட்டை என் கையில் விட்டுவிட்டு, தண்ணீர் மாறப் போனார். எங்கள் தோட்டம் வீட்டுக்குப் பின்னால்தான். மிசின் இறைக்கும், வாய்க்காலால் தண்ணீர் வரும், ஒரு பாத்தி நிரம்பியதும் வரம்பை மண்வெட்டியால் மூடி அடுத்ததைத் திறக்க வேண்டும். மிசின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவர் வேலை செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஏழு நாற்பதுக்கு, ஏன் இன்னும் வரவில்லை என்று போய்ப் பார்த்தேன். சேற்றில் வலது பக்கமாகக் கிடந்தார். வாய் கோணியிருந்தது. கண் என்னைப் பார்த்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அயலட்டை கூடியது. அதற்குள் என் ஃபோன் அடித்தது, மகள்தான்.

“அம்மா, அப்பாவுக்கு என்ன? நாடி நூற்று நாற்பது காட்டுது!”

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, பிறகு அம்புலன்சில் யாழ்ப்பாணம். சி.டி. ஸ்கான் (தலையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் சோதனை) எடுத்து முடியப் பத்து நாற்பது. பக்கவாதம், மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு என்றார்கள். அங்கே இருந்த பெண் டொக்டருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். கொரிடோரில் என்னை நிறுத்திக் கேட்டார்.

“அம்மா, எத்தினை மணிக்குத் துவங்கினது? நாலரை மணித்தியாலத்துக்குள்ளை எண்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். பிந்திப் போட்டால் மூளைக்குள்ளை ரத்தம் கசியும், ஆளே போகலாம். அதாலை சரியாச் சொல்லுங்கோ.”

கையில் இருந்த ஃபோனிலிருந்து மகள் எனக்கு முந்திச் சொன்னாள். “ஏழு நாற்பது, டொக்டர். அந்த நிமிசம்தான் அப்பாவின்ரை நாடி துள்ளினது. என்னட்டைப் பதிவு இருக்கு. நேரம் இருக்கு, போடுங்கோ.”

டொக்டர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். தாதியைக் கூப்பிடத் திரும்பினார்.

எனக்கு முன்னால் அந்தத் தோட்டம் வந்தது. மூன்று பாத்தி ஒழுங்காக நிரம்பி மூடியிருந்தது. நாலாவது திறந்தபடி. தண்ணீர் அதை மேவி, வரம்பை உடைத்து, தெருவுக்குப் போகும் ஒழுங்கை வரை ஓடியிருந்தது. ஒரு பாத்தி நிரம்பச் சில நிமிடங்கள்தான் எடுக்கும். அவர் ஆறு மணிக்கு முன்னரே விழுந்துவிட்டார். அந்த மனிசன் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சேற்றில் கிடக்க, நான் அவருடைய நாடியைக் கையில் கட்டிக்கொண்டு பிட்டு அவித்திருக்கிறேன்.

“டொக்டர், அது அவரின்ரை நாடி இல்லை. என்ரை” என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். பாத்திக் கணக்கையும் சொன்னேன்.

டொக்டர் என் மணிக்கட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “நேரம் தாண்டிட்டுது, இனி ஊசி ஏலாதம்மா” என்றார். “இப்பவாவது சொன்னீங்கள். இல்லாட்டி நாங்களே ஆளைச் சாகடிச்சிருப்பம்.” ஆறுதலாகத்தான் சொன்னார். இப்பவாவது என்ற அந்த ஒரு சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது.

ஃபோனில் மகள் கேட்டாள். “அப்ப மூண்டு மாதமா நான் பார்த்தது உங்கடை நித்திரையையோ?”

“ஓம் பிள்ளை.”

மகள் வந்து மூன்று கிழமை நின்றாள். என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். கையில் பட்டி சுற்றும் மிசின் ஒன்று வாங்கி, இரண்டு பேருக்கும் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னாள். முன்பு நூற்றிருபதாக இருந்த எனக்கு, அந்த நாளுக்குப் பிறகு நூற்று அறுபத்தைந்து காட்டியது. இப்போது நானும் குளிசைக்காரி. மணிக்கூட்டை அவளே தகப்பனின் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனாள்.

இதே நோயோடு மல்லுக்கட்டுகிற வீடுகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. மணிக்கூட்டை நான் குறை சொல்லமாட்டேன். கட்டியிருந்த ஆளைப் பற்றி அது உண்மையைத்தான் சொன்னது. கட்டவேண்டியவர் கட்டட்டும். கழற்றினால் கழற்றியது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் பதறினால் பதறட்டும். பதற உரிமை உள்ளவர்கள்தானே.

அவருக்கு வலது கையும் காலும் இன்னும் முழுதாக வரவில்லை. தடியூன்றி முற்றம் வரை நடப்பார். பேச்சு போய்விட்டது. பேச்சிழப்பு (சொல்ல நினைப்பது வாயில் சொல்லாக வராத நிலை) என்கிறார்கள். ஒரேயொரு சொல் மிஞ்சியிருக்கிறது. நோகுதோ என்றால் ஓம் என்பார். நோகேல்லையோ என்றாலும் ஓம் என்பார். என்னிலை கோவமோ என்று ஒருநாள் கேட்டேன். ஓம் என்றார். கோவமில்லையோ என்று கேட்டேன். அதற்கும் ஓம்தான். இதில் எதை எடுத்துக்கொள்வது?

எனக்கு இப்போது ஐந்தரைக்கும் ஏழு நாற்பதுக்கும் நடுவில் ஒரு வேலையும் ஓடுவதில்லை. அந்த இரண்டு மணித்தியாலமும் என் தொண்டைக்குள் நாடி அடிக்கிறதை ஒன்றொன்றாக உணர்கிறேன். அதை எண்ண மிசின் தேவையில்லை. வேறெந்த நேரமும் எனக்கு அவ்வளவு நீளமில்லை. இரவில் நித்திரையும் இல்லை.

எட்டு மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். நித்திரையைப் புகழ்வதை அவள் இப்போது விட்டுவிட்டாள்.

“அம்மா, அது அப்பாவின்ரை கைதானே? காட்டுங்கோ.”

நான் ஃபோனை அவர் மணிக்கட்டுக்குக் கிட்டப் பிடிப்பேன். பிறகு, அவள் கேட்காமலே, வெறுமையான என் கை இரண்டையும் காட்டுவேன். அதுவும் போதாமல் அவள் தகப்பனையே கேட்பாள்.

“அப்பா, அம்மா சொல்லுறது உண்மையோ?”

“ஓம்” என்பார் அவர்.